கிளிஃப்ஸ் ஆஃப் டோவரும் அந்த வலிப்பு ஃபில்டரும்

கேள்வி இதுதான்: 2011ல் வந்த ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்: கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்’ என்ற விமானச் சண்டை சிமுலேட்டரில், வெளியீட்டாளரான உபிசாஃப்ட், திரையில் மினுங்கும் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் வலிப்புத் தடுப்பு ஃபில்டர் ஒன்றைக் கட்டாயமாக்கியது. அதற்கு ரசிகர்கள் ஏன் அப்படிக் குதித்தார்கள்? நாலு பேருக்கு வலிப்பு வராமல் இருக்குமென்றால் படம் கொஞ்சம் மெதுவாக ஓடினால்தான் என்ன, குடியா முழுகிப்போகும்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் எரிச்சல்பட்டது சரிதான், ஆனால் பாதிப் பேர் தப்பான காரணத்துக்காக எரிச்சல்பட்டார்கள். ‘எங்களுக்கு எதற்கு இந்தப் பாதுகாப்பு’ என்று கேட்டவர்கள் பக்கம் நான் இல்லை. அந்தப் பாதுகாப்பைக் கொண்டுபோய் வைத்த இடத்தில்தான் கோளாறு. இது புரிய வேண்டுமென்றால் முதலில் வலிப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும், அது தெரியாமலேயே ரொம்பப் பேர் சண்டை போடுகிறார்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் மினுங்கும் வெளிச்சத்தால் வலிப்பு வரும். சிறுவர்களிடமும் பதின்ம வயதினரிடமும் இது அதிகம், அதாவது வீடியோ கேம் ஆடும் அதே வயது. வெளிச்சம் வினாடிக்கு 3 முறையிலிருந்து 30 முறை வரை விட்டுவிட்டு அடித்தால் ஆபத்து, அதிலும் 15 முதல் 20 முறை அடிப்பது மோசம், அடர் சிவப்பாக இருந்தால் இன்னும் மோசம். 1997 டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வினாடிக்கு 12 முறை மாறி மாறி அடித்தன. சில வினாடிகள்தான். 685 பேரை ஆம்புலன்சில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வாழ்நாளில் வலிப்பு வந்ததே கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் இதற்கு முன்பே ஒரு சம்பவம் நடந்தது. 1993ல் ஒரு நூடுல்ஸ் விளம்பரம் மூன்று பேருக்கு வலிப்பை வரவழைத்தது. அதிலிருந்து அங்கே தொலைக்காட்சிக்கு விதி வந்தது: திரையின் கால் பாகத்துக்கு மேல் பரவும் ஃபிளாஷ் வினாடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. கிரஹாம் ஹார்டிங் என்ற ஆஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரின் ஆய்வுதான் இதற்கு அடித்தளம், வீடியோவைக் கொடுத்தால் தேறியதா தேறவில்லையா என்று சொல்லும் ஹார்டிங் டெஸ்ட்டும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கேம் உலகத்துக்கு இது வந்து சேரக் கொஞ்சம் நாளானது. 2007 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்கு ‘ரேமன் ரேவிங் ராபிட்ஸ்’ ஆடும்போது வலிப்பு வந்தது. அவன் அம்மா விடவில்லை, விஷயம் நாடாளுமன்றம் வரை போனது, கடைசியில் அந்த விளையாட்டை வெளியிட்ட உபிசாஃப்ட் தன் விளையாட்டுகளை ஃபிளாஷ் சோதனைக்கு உட்படுத்துவதாக ஒப்புக்கொண்டது. ஆகவே 2011ல் அவர்கள் இந்த விஷயத்தில் கறாராக இருந்தது யாரோ ஒரு மேனேஜரின் திடீர் கிறுக்குத்தனம் இல்லை. ஒரு குடும்பம் பட்ட பாடு அதற்குப் பின்னால் இருந்தது.

சரி, ஒரு விமான சிமுலேட்டர் ஏன் இந்தச் சோதனையில் மாட்டுகிறது? இங்கேதான் எனக்கு இந்த விஷயமே சுவாரசியமாகிறது, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்த விளையாட்டின் களம் 1940ல் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த வான்போர். அதில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கைகளில் எட்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 1150 குண்டு சுடும், அதாவது வினாடிக்கு 19. மேலே சொன்ன மோசமான எல்லைக்குள் கச்சிதமாக வந்து உட்கார்கிறது. நிஜத்தில் எட்டும் ஒரே தாளத்தில் சுடாது, ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஃபிளாஷ் மழுங்கிவிடும். கேம் எழுதுபவர் சோம்பல்பட்டு எட்டுக்கும் ஒரே ஃபிளாஷ் படத்தை ஒரே நேரத்தில் காட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது புரொப்பல்லர். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் முழு வேகத்தில் 3000 ஆர்பிஎம் (அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று), இடையில் இருக்கும் கியர் அதை 0.477 மடங்காகக் குறைக்கிறது, எனவே புரொப்பல்லர் நிமிடத்துக்குச் சுமார் 1430 சுற்று சுற்றும். மூன்று இதழ் என்பதால் பைலட்டின் கண்முன் வினாடிக்குச் சுமார் 71 முறை ஒரு இதழ் கடக்கும். அந்த வேகத்தில் கண்ணுக்கு அது வெறும் மங்கல், ஆபத்தில்லை. த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்து எஞ்சினை 600 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் அதே கணக்கு வினாடிக்கு 14 என்று வரும். எதிரே சூரியன் இருந்தால் 14 முறை வெளிச்சம், 14 முறை நிழல். நிஜ விமானிகளுக்கும் இந்தத் தொல்லை உண்டு, ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னும் அதிகம், வலிப்பு இல்லாதவர்களுக்கே தலை சுற்றும், குமட்டும். இதற்கு ‘ஃபிளிக்கர் வெர்டிகோ’ என்று பெயரே இருக்கிறது. சிமுலேட்டரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வினாடிக்கு 60 முறை படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில், வினாடிக்கு 71 முறை கடக்கும் இதழை அப்படியே வரைந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 11, 12 முறை மினுங்கலாகத் தெரியும். பழைய படங்களில் வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதேதான். அதனால்தான் சிமுலேட்டர்கள் ஒரு வேகத்துக்கு மேல் இதழ்களை விட்டுவிட்டு ஒரு மங்கலான வட்டத்தை வரைகின்றன. அந்த வட்டத்தைச் சரியாகச் செய்யாவிட்டால் சோதனையில் மாட்டுவார்கள்.

இன்னொரு தலைவலி, இது தொலைக்காட்சி நிகழ்ச்சி கிடையாது. அரை மணி நேர நிகழ்ச்சிக்கு ஆரம்பம் முடிவு உண்டு, ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தேறிவிட்டால் அது எப்போதும் தேறியதுதான். சிமுலேட்டரில் ஆடுபவர் எங்கே பார்ப்பார், எப்போது சுடுவார், எந்த நேரம் சூரியனை நோக்கி மூக்கைத் திருப்புவார் என்று யாருக்குத் தெரியும்? பதிவுசெய்த ஒரு மணி நேரத்தைச் சோதித்துவிட்டு விளையாட்டே பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. இந்தப் பயத்தில்தான் வெளியீட்டாளர்கள் குறுக்கு வழிக்குப் போகிறார்கள்: உள்ளே எது வேண்டுமானாலும் மினுங்கட்டும், திரைக்குப் போகும் வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்திவிடலாம். அந்தக் காவல்காரன்தான் ஃபில்டர்.

இப்படிப்பட்ட ஃபில்டர் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு அடிப்படைத் தேவை உண்டு. ஒரு ஃபிரேமை, அதாவது அசையும் காட்சியின் ஒரு தனிப் படத்தை, மட்டும் பார்த்து அது ஃபிளாஷா இல்லையா என்று சொல்ல முடியாது, முந்தைய ஃபிரேம்களோடு ஒப்பிட வேண்டும். 1920க்கு 1080 திரையில் கிட்டத்தட்ட 20 லட்சம் பிக்சல். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை முடிக்க உங்களிடம் இருப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் இங்கிலீஷ் கால்வாயையும் அதன் இரு கரைகளையும் முப்பது விமானங்களையும் வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் இந்த ஒப்பீட்டையும் செய்ய வேண்டும். கணக்கை கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே முடித்தால் பரவாயில்லை, விடையை சிபியுவுக்குத் திருப்பி அனுப்பிக் காத்திருக்க வேண்டிவந்தால் மொத்த வரிசையும் நின்று நின்று போகும். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட்டவர்கள் பாடு இன்னும் பரிதாபம். ஒரு ஃபிரேம் இந்தக் கார்டு, அடுத்த ஃபிரேம் அந்தக் கார்டு என்று பங்கு போட்டு வேலைசெய்வதுதான் அதன் சூட்சுமம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முந்தையது வேண்டும் என்றால் ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்கும், இரண்டாவது கார்டுக்குக் கொடுத்த காசு வீண்.

‘கொஞ்சம் மெதுவாக ஓடினால் என்ன’ என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். மற்ற விளையாட்டுகளில் ஒன்றுமில்லைதான். இங்கே மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் போர் விமானம் ஒன்று மணிக்கு 480 கிலோமீட்டரில் உங்கள் முன்னால் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் அது ஒரு ஃபிரேமுக்கு இரண்டே கால் மீட்டர் நகர்ந்து தெரியும். 20 ஃபிரேமுக்கு இறங்கினால் ஒரு ஃபிரேமுக்குக் கிட்டத்தட்ட 6.7 மீட்டர் தாவும். அந்த விமானத்தின் மொத்த நீளமே ஒன்பது மீட்டருக்குள்தான். அதாவது தன் நீளத்தில் முக்கால் பாகம் தாவித் தாவிப் போகும் ஒன்றுக்கு முன்னால் குறிவைத்து, குண்டு போய்ச் சேரும் நேரத்தையும் மனதில் கணக்கிட்டுச் சுட வேண்டும். உங்களிடம் இருப்பதோ மொத்தம் பதினைந்து வினாடி சுடுவதற்கான குண்டு. ஜாய்ஸ்டிக்கை நீங்கள் அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையில் ஒரு பிசுபிசுப்பு வந்துவிட்டால் கையில் இருக்கும் பழக்கமெல்லாம் வீண்போகும். இது சிமுலேட்டர்காரர்களின் அலட்டல் என்று நினைப்பவர்கள், தெரு மின்விளக்கு மினுக் மினுக் என்று அடிக்கும்போது ஒரு பந்தைப் பிடித்துப் பார்க்கட்டும்.

எதிரியைக் கண்டுபிடிப்பது அதைவிட நுணுக்கமான வேலை. 109இன் இறக்கை அகலம் 10 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 90 டிகிரி பார்வைக் கோணத்தில், மூன்று கிலோமீட்டர் தொலைவில் அது உங்கள் மானிட்டரில் சுமார் மூன்று பிக்சல். அவ்வளவுதான். கடலின் மேல் அந்த மூன்று பிக்சல் லேசாகத் துடிப்பதை வைத்துத்தான் ‘யாரோ வருகிறார்கள்’ என்று கண்டுபிடிக்கிறோம். நன்றாக எழுதிய ஃபில்டர் திரையின் பெரிய பரப்பில் வரும் மாற்றத்தை மட்டும் அமுக்கும், இந்த மூன்று பிக்சலைச் சீண்டாது. முழு ஃபிரேமையும் முந்தைய ஃபிரேமோடு குழைத்துவிடும் ஃபில்டர் முதலில் அழிப்பது இந்தத் துடிப்பைத்தான்.

இதோடு 2011 மார்ச் மாதத்து நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ஐஎல்-2 வந்தது 2001ல். ஓலெக் மடாக்ஸின் குழு அடுத்த பெரிய விளையாட்டாக பிரிட்டன் வான்போரைச் செய்கிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கூட்டம் அது. வெளியாகக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஃபில்டர் கட்டாயம், அதனால் வேகம் குறையும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பிலிருந்தே செய்தி வருகிறது. ஐரோப்பாவில் மார்ச் 31, அமெரிக்காவில் ஏப்ரல் 19. கையில் வாங்கியவர்கள் லண்டன் மேல் தாழப் பறந்தால் திரை உறைந்து உறைந்து நகர்கிறது. யாரைத் திட்டுவது? கைக்கு அகப்பட்டது ஃபில்டர்.

பின்னால் வந்த பேட்சில், அதாவது திருத்த அப்டேட்டில், அதை செட்டிங்ஸில் வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் ஒரு டிக் கட்டமாக மாற்றிவிட்டார்கள். அணைத்தும் பார்த்தார்கள். ஓட்டம் கூடியது, ஆனால் லண்டன் மேல் இழுத்தது, சத்தம் சொதப்பியது, நினைவகம் விழுங்கியது, எல்லாம் அப்படியே இருந்தது. விளையாட்டு முக்கால் வேக்காட்டில் வெளியே வந்துவிட்டது என்பதுதான் உண்மை, ஃபில்டர் அதன்மேல் விழுந்த கடைசிச் சுமை. அதைச் செப்பனிட டீம் ஃபியூஷன் என்ற ரசிகர் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2017 டிசம்பரில் ‘பிளிட்ஸ்’ என்ற பெயரில் திருத்திய பதிப்பு வரும் வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஆகவே ‘உபிசாஃப்டின் ஃபில்டர்தான் இந்த விளையாட்டைக் கொன்றது’ என்று இன்றும் யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

ரசிகர்கள் சொன்ன இன்னொரு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. ‘பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள், வலிப்பு உள்ளவர்கள் ஆடாமல் இருக்கட்டும், எங்களை ஏன் படுத்துகிறீர்கள்?’ மேலே நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. ஜப்பானில் ஆம்புலன்ஸ் ஏறிய பிள்ளைகளில் பலருக்குத் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் வலிப்பு வரும் வரை யாருக்கும் தெரியாது. தெரியாத ஒருவரைப் பார்த்து ‘உனக்கு இருந்தால் விலகி இரு’ என்று எழுதி வைப்பதில் என்ன பிரயோஜனம்? அதனால் ஆரம்பத்தில் ஃபில்டர் ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று வெளியீட்டாளர் நினைத்ததில் எனக்கு மறுப்பில்லை. அணைக்கவே முடியாது என்றதில்தான் மறுப்பு. முதல் தடவை ஓடும்போது ஒரு பக்கத்தில் விஷயத்தைச் சொல்லி, படித்தேன் என்று அழுத்தினால் அணைக்கலாம் என்று விட்டிருந்தால் இந்த ரகளையில் முக்கால்வாசி நடந்திருக்காது.

அதைவிட நல்ல வழி, மினுங்கும் பொருளையே திருத்துவது. இதற்கு 1940லேயே முன்மாதிரி இருக்கிறது. இரவில் பறக்கும் பிரிட்டிஷ் ஹரிகேன் போர் விமானங்களில் எஞ்சின் புகைக்குழாயிலிருந்து வரும் தீ நாக்கு பைலட்டின் கண்ணைக் கூசவைத்தது, இருட்டில் எதுவும் தெரியவில்லை. பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? பைலட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடவில்லை. புகைக்குழாய்க்கும் காக்பிட்டுக்கும் நடுவில் ஒரு தகட்டை அடித்தார்கள். வேலை முடிந்தது, வானமும் தெரிந்தது. உபிசாஃப்ட் கேட்டுவாங்கியது கறுப்புக் கண்ணாடி.

கேம்களிலும் தகடு அடித்த கதை உண்டு. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது, அதில் தலையில் மாட்டும் ஒரு கருவியின் சிவப்பு, வெள்ளை எல்இடி அடிக்கும் காட்சியால் விமர்சனம் எழுத ஆடிய ஒருவருக்கு வலிப்பு வந்தது. வெளியான நாளை ஒட்டிய பேட்சிலேயே அந்த ஒரு காட்சியில் ஃபிளாஷின் எண்ணிக்கையையும் வீச்சையும் குறைத்து மென்மையாக்கிவிட்டார்கள். அந்த விளையாட்டில் ஆயிரம் குறை சொன்னார்கள், இந்த மாற்றத்தால் வேகம் குறைந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 2023ல் ஈஏ நிறுவனம் ‘ஐரிஸ்’ என்ற ஃபிளாஷ் சோதனைக் கருவியை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது, விளையாட்டு செய்யும்போதே எந்தக் காட்சி மாட்டும் என்று பார்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டு ஆப்பிள் ஐஓஎஸ் 16.4ல் வீடியோவில் வரும் ஃபிளாஷை மங்கலாக்கும் வசதியைத் தந்தது, வேண்டுபவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஓடும் வீடியோவில் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே பார்க்க முடியும் என்பதால் அங்கே வாசலில் காவல்காரனை வைப்பது ஓரளவு சரிப்படும். ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் அடுத்த ஃபிரேம் ஆடுபவரின் கையில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதைப் படிப்பவர்களில் பறக்கும்போது கண் ஒருமாதிரி ஆகிறது, முகத்தசை துடிக்கிறது, சட்டென்று நினைவு தப்பிப் போய்த் திரும்பியதுபோல் இருக்கிறது என்று யாருக்காவது தோன்றியிருந்தால், ஃபில்டரை நம்பிக்கொண்டு ஆடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நாம் எல்லோரும் பெரிய மானிட்டரை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு அறை விளக்கை அணைத்துவிட்டு ஆடுகிற ஜாதி, ஆபத்தைக் கூட்டுவதே இந்த இரண்டும்தான். விளக்கைப் போடுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், திரையின் பிரகாசத்தைக் குறையுங்கள். ஆடும்போது திடீரென்று மினுங்கல் தொந்தரவு செய்தால் இரண்டு கண்ணையும் மூடாதீர்கள், இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும். உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புங்கள். விமானம் விழுந்தால் விழட்டும், மறுபடி பறக்க ரீஃப்ளை பட்டன் இருக்கிறது.